இரவல் தொட்டில்

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

போன மாதம் லைப்சிக்கில் கோப்பி குடித்தபோது நீங்கள் மூன்று பேரும் என்னிடம் கேட்டதெல்லாம் களவைப் பற்றித்தான். "அன்ரி" என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு "அக்கா" என்று திருத்திக்கொண்டீர்கள். அதற்கு நன்றி. "அக்கா, உங்கட காலத்தில பெரிய படம் ஏதும் களவு போனதோ?" போகவில்லை. "தீப்பிடிச்சதோ?" இல்லை. உங்கள் முகங்கள் தொங்கிப் போயின. இவ்வளவு காலம் அருங்காட்சியகத்தில் இருந்துவிட்டு ஒரு தீயைக்கூடக் காணாத மனிசியா என்று நினைத்திருப்பீர்கள். வீட்டுக்கு வந்தபிறகு யோசித்துப் பார்த்தேன். என் உத்தியோகத்தில் நான் பயந்து போன நாள் ஒன்று உண்டு. ஒரு தொட்டிலால் வந்தது. அதை எழுதுகிறேன்.

பெயர்களை மாற்றியிருக்கிறேன். தொட்டில் வந்த வீட்டுப் பெண்ணிடம் கேட்டு, அவள் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். எங்கள் அருங்காட்சியகம் லைப்சிக்கிலிருந்து உள்ளூர் ரயிலில் போகிற தூரத்தில் ஒரு சின்ன நகரத்தில் இருக்கிறது என்பது உங்களுக்குப் போதும். என் அடையாள அட்டையில் ரெஜிஸ்ட்ரார் என்று போட்டிருக்கும். கேட்கப் பெரிய பதவி மாதிரி இருக்கும். உண்மையில் என் வேலை கண்காட்சிகளுக்கு இரவல் வாங்குவதும், வாங்கிய இரவலைப் பழுதில்லாமல் திருப்பிக் கொடுப்பதும். ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் ஒரு பையோடு வந்து இறங்கியவளுக்கு இந்த வேலை எப்படிக் கிடைத்தது என்ற கதையை விட்டுவிடுகிறேன். அந்த மாதிரிக் கதைகளை உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வேண்டிய மட்டும் கேட்டிருப்பீர்கள்.

அந்த வருடம் எங்கள் இயக்குநருக்கு ஒரு ஆசை வந்தது. பதினேழாம் நூற்றாண்டின் ஒல்லாந்து வீடு ஒன்றை அறை அறையாக எழுப்பிக் காட்ட வேண்டும் என்றார். யாழ்ப்பாணத்தில் பிறந்தவளுக்கு ஒல்லாந்தர் என்றால் கோட்டைதான் ஞாபகம் வரும். அவர்கள் வீட்டிலும் சட்டி பானை இருந்தது, ஈரத் துணி காயப் போட்டார்கள் என்பதெல்லாம் எனக்கு இந்த வேலைக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

அந்தக் காலத்தில் அங்கே ஒருவர் இறந்தால், தொழில் முறிந்தால், விதவை மறுமணம் செய்யப் போனால், சட்டப் பத்திரங்கள் எழுதும் நொத்தாரிசு வீட்டுக்கு வருவார். முன்னறையில் தொடங்கி உள்ளறை, சமையலறை, பரண் என்று நடந்து நடந்து கண்ணில் படுவதையெல்லாம் எழுதுவார். துணிமணிக்கும் பாத்திரத்துக்கும் மதிப்புச் சொல்ல, அதற்கென்றே சத்தியம் செய்துகொண்ட பெண்கள் இருந்தார்கள். அவர்கள்மேல் எனக்கு ஒரு தனிப் பாசம். அப்படி எழுதிய பட்டியலில் படமும் பானையும் ஒரே பக்கத்தில் இருக்கும். கறுப்புச் சட்டம் போட்ட கடல் படம் ஒன்று, பழைய கம்பளிகள், பித்தளை வாளி, சமையலறையைக் காட்டும் சிறிய படம் ஒன்று, குளிருக்குக் கால் வைக்கும் கணப்புப் பெட்டி. படத்தை யார் வரைந்தார் என்று பெரும்பாலும் இருக்காது. அந்த வீட்டுக்காரருக்கு அது சுவரில் தொங்கிய சாமான், அவ்வளவுதான்.

நீங்கள் அப்படி ஒரு பட்டியலைத் திறந்தால் நேரே படங்களுக்குத்தான் போவீர்கள். எனக்குத் தெரியும். எல்லோரும் அப்படித்தான் படங்களைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு கம்பளியையும் வாளியையும் விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதில் கோபம் வரும். அந்த நொத்தாரிசு இன்றைக்கு டோர்ட்முண்டில் என் தங்கை வீட்டுக்கு வந்தால் என்ன எழுதுவார்? முன்னறையில்: தொலைக்காட்சி, மகளின் பட்டமளிப்புப் படம், சட்டம் போட்ட லட்சுமி, பிளாஸ்டிக் ரோசாப்பூச் சாடி, கழுவிக் காய வைத்த இடியப்பத் தட்டு ஒரு அடுக்கு. இதில் லட்சுமியை மட்டும் எடுத்துக்கொண்டு போய் என் தங்கையைப் பற்றி ஒருவர் கட்டுரை எழுதினால் நான் சிரிப்பேன். இடியப்பத் தட்டை விட்டுவிட்டு அவளை எப்படி அறிவது?

நாங்கள் எடுத்துக்கொண்டது ஒரு பேக்கரிக்காரரின் விதவை வீட்டுப் பட்டியல். அதில் ஒரு தொட்டில் இருந்தது. பரணில், அடுப்பெரிக்கும் கட்டிகளுக்குப் பக்கத்தில், பழைய படுக்கைத் துணி அடைத்து வைத்த தொட்டில். இயக்குநர் அதை வாசித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். பரணில் வைத்தால் யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள் என்று, அதை உள்ளறையில், தாயும் பிள்ளையும் இருக்கும் படத்துக்குக் கீழே வைக்கப் போவதாக முடிவு செய்தார். அந்தச் சின்னச் சுதந்திரத்தை அவரே எடுத்துக்கொண்டார். நானும் விட்டுவிட்டேன்.

சரி, அந்தக் காலத்து ஒல்லாந்துத் தொட்டிலுக்கு எங்கே போவது? விசாரித்ததில், எங்களுக்குக் கிட்ட ஒரு கிராமத்தில் ஆப்பிள் தோட்டக்காரர் ஒருவர் வீட்டில் தலைமுறை தலைமுறையாக ஒன்று இருப்பதாகத் தெரிந்தது. அவரை லோரென்ஸ் என்று வைத்துக்கொள்வோம். மனைவியை இழந்தவர். ஒரே மகள் யானா, மணமாகி வேறு ஊரில் இருந்தாள். நான் வேனை எடுத்துக்கொண்டு போனது ஆப்பிள் பறிக்கும் காலம். அங்கே பேசியதெல்லாம் டொச், ஜெர்மன் மொழிதான். ஆனால் எனக்குள் அது எங்கள் பேச்சாகத்தான் பதிந்து கிடக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

தொட்டில் வீட்டுக்குள் இருக்கவில்லை. தோட்டத்துக் கொட்டிலில், ஆப்பிள் பெட்டிகளுக்குப் பின்னால், தடித்த போர்வை போட்டு மூடியிருந்தது. லோரென்ஸ் பெட்டிகளை ஒற்றைக் கையால் தள்ளி வழி விட்டார். போர்வையை நான்தான் எடுத்தேன். கருவாலி மரம், தலைமாட்டில் செதுக்கிய பூ, கீழே தரையில் உருண்டு ஆடுவதற்கு வளைந்த இரண்டு ஆட்டுக்கால்கள். யாரோ அண்மையில் திருத்தி எண்ணெய் பூசியிருந்தார்கள். நன்றாகச் செய்திருந்தார்கள். தூக்க ஒரு கை கொடுக்கும்படி கேட்டேன்.

"எனக்கு இடுப்பு ஏலாது," என்றார்.

வேன் ஓட்டிவந்த சாரதியைக் கூப்பிட்டு ஏற்றினேன். லோரென்ஸ் தள்ளியே நின்றார். வேன் கதவைச் சாத்தும் நேரத்தில்தான் கிட்ட வந்தார்.

"போன வருஷம் யானாவுக்குப் பிள்ளை தங்கேல்லை. நாள் கிட்டின நேரத்தில வயித்துக்குள்ளயே செத்துப் போட்டுது. இது அப்ப அறைக்குள்ள தயாரா நிண்டது. இப்ப அவளுக்குத் திரும்பப் பிள்ளை வந்திருக்கு. அடுத்த கிழமை அவள் இஞ்ச வந்து நிக்கப் போறாள். அதுக்கு முதல் இது வீட்டை விட்டுப் போகவேணும்."

நான் தலையாட்டினேன்.

"ஒண்டு கேக்கலாமோ? சிரிக்கக் கூடாது."

"சொல்லுங்கோ."

"அங்க ஆரும் இதை வெறுமனே ஆட்டக்கூடாது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் ஊரிலும் சேலையில் ஏணை கட்டிவிட்டு, பிள்ளை இல்லாத நேரத்தில் அதை ஆட்டினால் பிள்ளைக்கு ஆகாதென்று ஆட்ட விடமாட்டார்கள் என்று சொன்னேன். அவர் அப்போதுதான் என்னை நேராகப் பார்த்தார்.

"அப்ப உங்களுக்கு விளங்கும்."

"ஓம். ஒப்பந்தத்தில எழுதட்டோ?"

"வேண்டாம். வாசிச்சுப் போட்டுச் சிரிப்பினம். யானாவின்ர கதை அங்க ஆருக்கும் தெரியவும் வேண்டாம். நீங்கள் சொன்னால் காணும்."

சொன்னேன். கையைக் கொடுத்தார். இரவல் நிபந்தனையை வாய்ச்சொல்லாக ஏற்காதீர்கள் என்று உங்களுக்குப் படிப்பித்திருப்பார்கள். அது சரிதான். நானே எத்தனையோ பேருக்கு அதைப் படிப்பித்தவள். ஆனால் அன்றைக்கு அந்தக் கொட்டிலில் நின்றிருந்தால் நீங்களும் ஏற்றிருப்பீர்கள். ஏற்காதவரோடு எனக்குக் கோப்பி குடிக்க விருப்பமும் இல்லை.

திறப்பு விழாவுக்கு முதல் நாள். பின்னேரம் பத்திரிகைக்காரர்களும் உள்ளூர்த் தொலைக்காட்சியும் வருவதாக ஏற்பாடு. பிந்தி வந்த லொறி ஒன்றைப் பொறுப்பேற்க நான் வெளிமுற்றத்துக்குப் போயிருந்தேன். திரும்பி உள்ளறைக்குள் வந்தால் எல்லோரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். தாயும் பிள்ளையும் இருக்கும் படத்துக்குக் கீழே, மங்கலான வெளிச்சத்தில், தொட்டில் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

பெர்லினிலிருந்து வந்த காட்சி வடிவமைப்பாளர், டில் என்ற இளம் ஆள், தரைப் பலகைக்குக் கீழே ஒரு சின்ன மோட்டாரை வைத்து, கண்ணுக்குத் தெரியாத நூலால் ஆட்டுக்காலோடு இணைத்திருந்தார். மரம் மரத்தில் உருளும் மெல்லிய சத்தம் மட்டும். பொய் சொல்லக் கூடாது, மிக அழகாக இருந்தது. இப்போதுதான் தாய் எழுந்து அடுத்த அறைக்குப் போனாள் என்று நம்பிவிடலாம். என்ன செய்கிறேன் என்று யோசிக்க முதல் என் கை போய்த் தொட்டிலைப் பிடித்துவிட்டது. கையுறைகூடப் போடாத கை. கீழே மோட்டார் முனகியது.

"மனோ, என்ன செய்யிறீங்கள்?" என்றார் இயக்குநர்.

அவரைப் பற்றித் தவறாக நினைக்காதீர்கள். ஆணி அடிக்கக்கூடத் தானே ஏணியில் ஏறுகிற மனிதர். சந்தோஷம் வந்தால் மூக்குக்குள் பாடுவார். அன்றைக்குக் காலையிலிருந்து பாடிக்கொண்டே இருந்தார். நகரசபை எங்களை மறந்துகொண்டிருந்த காலம் அது. அந்த ஆடும் தொட்டில் தொலைக்காட்சியில் வந்தால் எங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்று நம்பினார். நம்பிக்கை பிழையும் இல்லை.

"இது ஆடக்கூடாது," என்றேன்.

"ஏன்?"

"சொந்தக்காரர் கேட்டவர்."

"ஒப்பந்தத்தில அப்பிடி ஒண்டும் இல்லையே."

"என்னட்டைக் கேட்டவர்."

"என்ன காரணம்?"

"சொல்ல ஏலாது."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மனோ, ஒப்பந்தத்தில இல்லாதது உலகத்திலயே இல்லை எண்டு எனக்குச் சொல்லித் தந்தது ஆர்? நீங்கள்தானே?"

நான்தான். ஒவ்வொரு கண்காட்சிக்கும் சொல்லியிருக்கிறேன். என் ஆயுதத்தாலேயே எனக்கு வெட்டு விழுந்தது. அவர் நியாயமாகத்தான் நடந்துகொண்டார். "காரணம் சொல்லுங்கோ, நிப்பாட்டுறன். சொல்லாட்டில் அது ஆடட்டும். இன்னும் கொஞ்ச நேரத்தில ஆக்கள் வந்திடுவினம்," என்றார்.

வெளியே படிக்கட்டுக்கு வந்தேன். பின்னாலேயே சுகன்யா வந்தாள். கோயம்புத்தூர்க்காரி. டிரெஸ்டனில் பழைய மரச்சாமான்களைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். எங்கள் கண்காட்சிக்கு மரப்பொருட்களைப் பரிசோதித்துக் கையெழுத்து வைத்தவளும் அவள்தான். அவளிடம் யானாவின் கதையைச் சொல்லவில்லை. சொந்தக்காரரிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

"அக்கா, இது ரொம்ப சிம்பிள். ஜாயின்ட் லூஸா இருக்கு, மூவ் பண்ணக் கூடாதுன்னு ரிப்போர்ட்ல நான் ஒரு லைன் எழுதிடறேன். டைரக்டர் கேள்வியே கேக்க மாட்டார்."

"மூட்டு தளர்ந்திருக்கோ?"

"இல்லக்கா. சூப்பரா இருக்கு. இன்னும் நூறு வருஷம் தாங்கும்."

அந்த ஒரு வரி எனக்கு எவ்வளவு இனித்தது தெரியுமா? எல்லாம் அதோடு முடிந்துவிடும். யாருக்கும் மனக்கசப்பில்லை, என் வாக்கும் நிற்கும். ஆனால் பிள்ளைகளே, நாங்கள் எழுதும் அறிக்கை எங்கள் அலுமாரியோடு நின்றுவிடுவதில்லை. பொருள் வீட்டுக்குத் திரும்பும்போது அதுவும் கூடப் போகும். அந்த வீட்டில் ஒரு பிள்ளை பிறக்கப் போகிறது. மூட்டுத் தளர்ந்த தொட்டில் என்று நாங்களே எழுதிக் கொடுத்தால் அந்தத் தாய் அதில் பிள்ளையைப் போடுவாளா? போட்டாலும் நித்திரை கொள்வாளா? ஏற்கெனவே பயந்து போயிருக்கும் வீட்டுக்குள் இன்னொரு பயத்தை முத்திரை குத்தி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. சுகன்யாவுக்கு முழுவதையும் விளக்க முடியவில்லை. "வேண்டாம் அம்மா" என்று மட்டும் சொன்னேன். நல்ல பிள்ளை, வற்புறுத்தவில்லை.

பொய் எழுத முடியாது. உண்மையைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. பேசாமல் விட்டால் நாளைக்கு லோரென்ஸ் வந்து பார்ப்பார். இரவல் தந்தவர்கள் எல்லோருக்கும் அழைப்பு அனுப்பியிருந்தோம். இப்படித் தவித்துக்கொண்டு நிற்கிற எவரும் செய்ய வேண்டியது ஒன்றுதான், பதற்றத்தில் அதுதான் கடைசியாக ஞாபகம் வருகிறது. சொந்தக்காரருக்கு ஃபோன் எடுத்தேன்.

எடுத்தது மகள்.

"அப்பா தோட்டத்துக்குள்ள. நான் யானா. மியூசியமோ?"

"பரவாயில்லை, நான் பிறகு எடுக்கிறன்."

"தொட்டிலுக்கு ஏதும் நடந்ததோ?"

"இல்லை, இல்லை. பத்திரமா இருக்கு."

"ஆரும் ஆட்டினவையோ?" என்று கேட்டாள்.

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். "உங்களுக்குத் தெரியுமோ?"

"அப்பா உங்களிட்ட என்ன கேட்டிருப்பார் எண்டு எனக்குத் தெரியாதோ?"

மோட்டாரைப் பற்றிச் சொன்னேன். காரணம் சொல்லாவிட்டால் நிறுத்த மாட்டார்கள் என்பதையும் சொன்னேன். அவள் அவசரப்படவில்லை. அந்தப் பக்கத்தில் கதிரை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது.

"ஒண்டு சொல்லுறன். போன வருஷம் அப்பாதான் அதைத் திருத்தி எண்ணெய் பூசினவர். நேரா ஆடுதோ எண்டு பாக்கக் காலால ஒருக்காத் தட்டிவிட்டவர். நான் வாசல்ல நிண்டு பாத்தனான். ரெண்டு பேரும் சிரிச்சனாங்கள். ஒரு கிழமையில பிள்ளை போட்டுது. கொடி சுத்தினது எண்டு டொக்டர் விளங்கப்படுத்தினவர். எனக்கு விளங்கினது. அப்பாவுக்கு விளங்கேல்லை. ஒரு நாளும் வாய் திறந்து சொல்லேல்லை. ஆனா அண்டையில இருந்து அவர் அதைத் தொடுறேல்லை."

ஆப்பிள் பெட்டிகளைத் தள்ளிய மனிதருக்கு இடுப்பு ஏலாமல் போனது ஏன் என்று எனக்கு அப்போது விளங்கியது.

"நாளைக்கு அவர் வாறார்," என்றாள் யானா. "புது ஜாக்கெட் எடுத்து வைச்சிருக்கிறார். வந்து அது தானா ஆடுறதைப் பாத்தாரெண்டால்..." முடிக்கவில்லை. "எனக்காக இல்லை. அவருக்காக நிப்பாட்டுங்கோ."

"நிப்பாட்டக் காரணம் சொல்ல வேணும்."

"பிள்ளை போனதைச் சொல்லுங்கோ. எனக்கு அதில வெக்கமில்லை. பேரும் வைச்சனாங்கள். அப்பா காலால தட்டினதை மட்டும் சொல்லாதேங்கோ."

உள்ளே போனேன். இயக்குநரைத் தனியாகக் கூப்பிட்டு, அவள் அனுமதித்ததை மட்டும் சொன்னேன். அந்த உயரமான மனிதர் தரையில் முழங்காலைக் குத்தி, பலகைக்குக் கீழே கையை விட்டு, வயரைத் தானே இழுத்துக் கழற்றினார். தொட்டில் இன்னும் கொஞ்சம் ஆடிவிட்டு நின்றது.

"ஏன் முதலே சொல்லேல்லை?"

"சொல்ல எனக்கு உரிமை இருக்கேல்லை."

தலையாட்டினார். பிறகு படத்தையும் தொட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். "அந்த விதவை வீட்டில இது பரணிலதானே இருந்தது?"

"ஓம்."

"துணி அடைச்சு?"

"ஓம்."

"அப்ப அங்கேயே கொண்டு போவம். மனிசி வைச்ச இடம் சரியான இடம்தான்."

டில் தலையில் கை வைத்தார். வெளிச்சம் எல்லாம் உள்ளறைக்குப் போட்டாயிற்று என்று புலம்பினார். ஆனால் புலம்பிக்கொண்டே தலைமாட்டுப் பக்கத்தைத் தூக்கியவரும் அவர்தான். நாங்கள் அதைச் சின்ன மாடிப்படியில் ஏற்றி, பரணாகக் கட்டிய இடத்தில் வைத்து, அலுமாரிக்காகக் கொண்டுவந்த படுக்கை விரிப்புகளையும் தலையணை உறைகளையும் அடுக்கி அடுக்கி நிரப்பினோம்.

"எங்க வீட்டுல தொட்டில் போடறப்ப முதல்ல அம்மிக் குழவியைத் துணி சுத்திப் படுக்க வெப்பாங்க அக்கா. அப்புறம்தான் குழந்தை," என்றாள் சுகன்யா.

இயக்குநர் அவள் என்ன சொன்னாள் என்று கேட்டார். மொழிபெயர்த்தேன். அவர் மிகவும் யோசித்துவிட்டு, விதவையின் சமையலறையில் ஒரு உரல் இருக்கிறதே, அதன் உலக்கை போதாதா என்று கேட்டார். பகிடி விடுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. எனக்கு அந்த மனிதரில் அன்றைக்கு வந்த அன்பு இன்றைக்கும் குறையவில்லை.

பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். தாயும் பிள்ளையும் இருக்கும் படத்துக்குக் கீழே வெறும் தரை. தொலைக்காட்சிக்காரர் அதைப் பார்த்துவிட்டுச் சமையலறைக்குப் போய்ப் பித்தளை வாளியைப் படம் பிடித்தார். செய்தி சுருக்கமாகத்தான் வந்தது. இயக்குநருக்கு வருத்தம்தான். பல நாட்கள் மூக்குக்குள் பாட்டு வரவில்லை. ஆனால் அதைப் பற்றி என்னிடம் ஒரு சொல்லும் சொன்னதில்லை. சரியான முடிவு எடுத்தால் எல்லாம் நல்லபடி முடியும் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்ப வேண்டாம். எங்களுக்கு அதனால் நட்டம்தான்.

அடுத்த நாள் லோரென்ஸ் புது ஜாக்கெட்டோடு வந்தார். கூட யானா, நிறை வயிற்றோடு. அவள் என்னைப் பார்த்துக் கண்ணால் ஒரு கேள்வி கேட்டாள். நான் தலையசைத்தேன். இருவரும் முன்னறையில் தொடங்கினார்கள். லோரென்ஸ் கடல் படத்துக்கு முன்னால் நிற்கிறார், ஆனால் கண் அடுத்த அறையில். உள்ளறையில் எட்டிப் பார்த்தார், இல்லை. சமையலறையிலும் இல்லை. கடைசியில் பரண் படியில் ஏறி, குனிந்து பார்த்தார். நான் பின்னால் நின்றேன்.

"நிரப்பி வைச்சிருக்கிறீங்கள்," என்றார்.

"ஓம்."

"துணி நல்லாக் காய்ஞ்சதோ?"

"நல்லாக் காய்ஞ்சது."

"அப்ப சரி. ஈரம் மரத்துக்குக் கூடாது."

கீழே இறங்கிப் போய்க் கேக் சாப்பிட்டார். இயக்குநர் அவரிடம் வந்து கையைப் பிடித்தார், விட மறந்து போனார். எங்கே வாயைத் திறந்து ஏதாவது சொல்லிவிடப் போகிறாரோ என்று எனக்கு உயிர் போய் வந்தது. சொல்லவில்லை. அந்த ஆண்டு ஆப்பிள் எப்படி என்று கேட்டார்.

நாங்கள் இரவல் வாங்கும் ஒவ்வொன்றும் ஒரு வீட்டிலிருந்து வருகிறது. அதற்கு எண் கொடுத்து, பெட்டியில் போட்டு, வெளிச்சம் அளந்து வைத்த உடனே அது எங்கள் பொருள் என்ற நினைப்பு வந்துவிடும். வரத்தான் செய்யும். ஆனால் அந்த நொத்தாரிசு எழுதிக்கொண்டு நடந்தபோது அந்த வீட்டுக்காரர்களும் அங்கேதான் நின்றார்கள், அழுத கண்ணோடு, எந்தப் போர்வை யாருடையது என்று சொல்லிக்கொண்டு. உங்களுக்கு ஒன்று விளங்காமல் போனால் அவர்களைக் கேளுங்கள். அவர்களுக்குப் பதிலாக நீங்களே யோசித்துக்கொண்டு படியில் நிற்காதீர்கள்.

கண்காட்சி நடந்துகொண்டிருக்கும்போதே யானாவுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. சுகமாகப் பிறந்தது. பனிக்காலம் முடிந்து கண்காட்சியை மூடியதும் தொட்டிலைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். சுகன்யாவும் வந்தாள். அப்பா வீட்டில் நிற்கிற நேரமாகப் பார்த்துக் கொண்டுவாருங்கள் என்று யானா சொல்லியிருந்தாள். அது ஏன் என்று நான் கேட்கவில்லை.

நடு அறையில் இறக்கி வைத்தோம். லோரென்ஸ் வாசலோடு நின்றார், உள்ளே வரவில்லை. யானா மெத்தை விரித்து, பிள்ளையைக் கொண்டுவந்து படுக்க வைத்தாள். கொழுகொழு என்று இருந்த பிள்ளை கூரையைப் பார்த்தது, செதுக்கிய பூவைப் பார்த்தது, பிறகு வீடு இடிந்து விழுகிற மாதிரிக் கத்தியது. யானா ஆட்டிப் பார்த்தாள். இன்னும் கத்தியது. போர்வையைச் சரி செய்து, திருப்பிப் படுக்க வைத்து, நான் ஒரு பக்கம் தாலாட்டு மாதிரி ஏதோ முனகி, சுகன்யா சாவிக்கொத்தை ஆட்டிக் காட்டி, ஒன்றும் சரிவரவில்லை. பிள்ளையின் முகம் சிவந்து போனது. அப்போது லோரென்ஸ் வாசலிலிருந்து விறுவிறு என்று வந்து, தொட்டிலுக்குள் இரண்டு கையையும் விட்டுப் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டார். அழுகை நின்றது.

"அவளுக்குப் பிடிக்கேல்லை," என்றாள் யானா.

"பிடிக்கேல்லையோ?" அவர் நம்ப முடியாதவர் மாதிரி மகளைப் பார்த்தார், தொட்டிலைப் பார்த்தார். "அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான் அப்பா."

அவருக்குச் சிரிப்பு வந்தது. கண் கலங்கியபடியே சிரித்தார். "நாங்கள் எல்லாரும் இதுக்குள்ள கிடந்து வளந்தனாங்கள். இந்த மகாராணிக்குப் பிடிக்கேல்லையாம்." பிறகு என்னிடம் திரும்பினார். "திருப்பிக் கொண்டு போங்கோ. மியூசியத்திலயே இருக்கட்டும். அந்தப் பரண் நல்ல இடம்."

யானா தலையாட்டினாள். வேனிலிருந்து போர்வைகளை மறுபடி எடுத்து வரச் சுகன்யா போனாள். பிள்ளை அவர் தோளில் நித்திரையாகிவிட்டது. அவர் பூத்திருந்த ஆப்பிள் மரங்களைப் பற்றியும், இந்த நேரத்தில் பனி விழுந்தால் என்ன ஆகும் என்பதைப் பற்றியும் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சோடு பேச்சாக, வழியில் நின்ற தொட்டிலைக் கொஞ்சம் ஒதுக்க நினைத்தாரோ என்னவோ, காலால் ஒரு தட்டுத் தட்டினார்.

வெறும் தொட்டில் ஆடியது.

என் கை அதைப் பிடிக்கப் போனது. யானா என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். அவள் விரல்கள் குளிர்ந்திருந்தன. அது தானாக ஆடி நிற்கும் வரை நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். லோரென்ஸ் பிள்ளையின் முதுகைத் தட்டியபடி இன்னும் பனியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்.